தொட்டிக்குள் ஹன்லி: மூன்றாம் வார நிலவரம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் பயன்படுத்திய ஹன்லி நீர்மூழ்கிக்கு நான் செய்துவரும் சிறு மாதிரி, தண்ணீர்த் தொட்டியில் இந்த வாரம்தான் முதன்முறையாக மட்டமாக அமிழ்ந்தது. அதற்கு முன் பதினோரு முறை மூக்குக் குத்திக் கீழே போனது.

அசல் ஹன்லி 1863-இல் அலபாமாவின் மொபைல் நகரில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 12 மீட்டர். ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து, உந்துவிசிறியோடு இணைந்த கைப்பிடியைச் சுழற்ற, எட்டாமவர் ஓட்டினார். இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் 60 சென்டிமீட்டர் வருகிறது; 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய் அந்த அளவுக்கு ஏறக்குறைய பொருந்திவிட்டது. நடுப்பகுதியில் மட்டும், உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்பதற்காக, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாயைப் பொருத்தினேன். முனைகளை எம்-சீலால் வடித்தேன். ஏழு பேருக்குப் பதிலாக, பழைய பொம்மைக் காரில் கழற்றிய மோட்டார் ஒன்று.

ஹன்லியின் இரு முனைகளிலும் பேலஸ்ட் தொட்டிகள், அதாவது கலம் அமிழ நீர் நிரப்பும் தொட்டிகள், உண்டு. ஆனால் அவற்றின் தடுப்புச் சுவர்கள் கூரை வரை எழும்பவில்லை. நானும் அப்படியே செய்து, முன்தொட்டிக்குள் சொட்டு நீலம் கலந்த தண்ணீரைச் சிரிஞ்சால் மெல்ல ஏற்றினேன். முக்கால் பங்கு நிரம்பும் வரை ஒன்றும் நேரவில்லை. பிறகு மூக்கு ஒரு விரற்கடை தாழ்ந்ததும், தொட்டி நீர் முழுவதும் முன்பக்கம் ஓடிச் சேர்ந்து அதை இன்னும் அழுத்தியது. தொடர்ந்து ஏற்றியபோது நீல நீர் தடுப்பைத் தாண்டி நடு அறைக்குள் வழிந்து, அங்கும் முன்பக்கமே தேங்கியது. அடுத்த நொடி, மாதிரி வெளியே இருந்த பெரிய தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்தில் முட்டி நின்றது. எம்-சீல் மூக்கில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது.

1863 அக்டோபர் 15 அன்று சார்லஸ்டனில், அதற்குத் தன் பெயரைத் தந்த ஹோரஸ் ஹன்லி உட்பட எட்டுப் பேரோடு அந்தக் கலம் மூழ்கியதும் இப்படித்தான். மேலே எடுத்தபோது முன்தொட்டியின் வால்வு திறந்தே கிடந்தது. படித்தபோது அது வெறும் கவனக்குறைவாகத் தோன்றியது. நீல நீர் வழிந்ததைப் பார்த்த பிறகு, ஒரு சிறு பிழையைக்கூடப் பொறுக்காத அமைப்பின் மீதே எனக்குக் குறை தோன்றுகிறது. அதே கலம்தான் 1864 பிப்ரவரி 17 இரவு எதிரணியான வட மாநிலங்களின் ஹூசட்டானிக் போர்க்கப்பலை மூழ்கடித்து, தானும் திரும்பாமல் போனது.

இந்த நோய் ஹன்லியோடு முடியவில்லை. 1880-களில் ஸ்வீடன் தொழிலதிபர் நார்டென்ஃபெல்ட் கட்டிய நீராவி நீர்மூழ்கிகளிலும் தொட்டி நீர் முன்னும் பின்னும் அலைபாய்ந்ததால், அவை நீருக்கடியில் மட்டமாக நிற்கவே இல்லை. இதற்கு உருப்படியான வழி கண்டவர், அயர்லாந்தில் பிறந்த பள்ளி ஆசிரியர் ஜான் ஹாலண்ட். அமிழும்போது முதன்மைத் தொட்டிகளை முழுக்க நிரப்பிவிட்டால் உள்ளே நீர் அலைய இடமிருக்காது. மேலே எழும்பப் பார்க்கும் சிறிதளவு மிதப்பை மிச்சம் வைத்துக்கொண்டு, ஓடும் வேகத்தில் பின்புறக் கிடைச் சுக்கான்களால் கலத்தைக் கீழே இறக்குவது அவர் முறை. 1897 மே 17-இல் நீரில் இறங்கிய அவருடைய கலத்தை அமெரிக்கக் கடற்படை 1900 ஏப்ரலில் 1,50,000 டாலருக்கு வாங்கியது.

ஆகவே தடுப்புகளைக் கூரை வரை உயர்த்தி, காற்று வெளியேற மெல்லிய குழாய் வைத்து, தொட்டிகளை விளிம்பு வரை நிரப்பினேன். தூண்டில் ஈயக் குண்டுகளை அடியில் ஒவ்வொன்றாகக் கூட்டி, 15 மில்லி லிட்டர் நீரின் எடை அளவுக்கு மட்டும் மிதப்பை விட்டுவைத்தேன். ஹன்லியில் இருந்தது போல முன்புறம் வைத்திருந்த கிடைச் சுக்கான்களைக் கழற்றிப் பின்னால் பொருத்தினேன். இனி இதை ஹன்லி என்று சொல்வது நியாயமில்லைதான். மோட்டார் ஓடியதும் மாதிரி மெல்லச் சாய்ந்து இறங்கி, ஒரு சாண் ஆழத்தில் தொட்டியின் மறுமுனை வரை போயிற்று. நின்றதும் தானே மேலே வந்தது.

மோட்டாரிலிருந்து உந்துவிசிறிக்குப் போகும் தண்டு நுழையும் பித்தளைக் குழாயில் கிரீஸ் அடைத்தும் கசிவு நிற்கவில்லை. ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு நடு அறையிலிருந்து 6 மில்லி லிட்டர் நீரை உறிஞ்சி எடுத்தேன். மிச்சமிருந்த மிதப்பே 15 என்பதால், அடுத்த ஞாயிறு முதல் வேலை அந்தத் தண்டுதான்.