சனசமூக நிலையத்து உலாவி வகுப்பு: தை மாதக் குறிப்புகள்

04.01.2025, சனி

வாசிகசாலை அறையில் ஐந்து கணினிகளோடு முதல் வகுப்பு. உலாவி எது, கூகிள் எது என்று பிரித்துக் காட்டுவதிலேயே பாதி நேரம் போனது. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் மூன்றும் உலாவிகள், அதாவது கணினியில் இருக்கும் மென்பொருள்கள். கூகிள் தேடல் அந்த மென்பொருளுக்குள் திறக்கும் ஒரு வெப்சைற். இது பிடிபடாவிட்டால் "கூகிள் வருதில்லை" என்று ஒருவர் சொல்லும்போது உலாவியில் பிழையா, இணைய இணைப்பில் பிழையா, அந்தத் தளத்தில் பிழையா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மவுஸில் ஒரு விடயம். திரையில் கிடக்கும் குரோம் படத்தை இரண்டு முறை தட்டித் திறக்க வேண்டும். உலாவி திறந்த பிறகு உள்ளே எல்லாமே ஒரு தட்டுத்தான். பழக்கதோஷத்தில் இரண்டு முறை தட்டுகிறவர்கள் நிறையப்பேர். வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் சாதாரண இணைப்பில் (லிங்க்) அதனால் பெரிய கேடில்லை. விண்ணப்பப் படிவத்தின் 'சமர்ப்பி' பொத்தானில் அப்படித் தட்டினால் சில தளங்களில் விண்ணப்பம் இரண்டாகப் போய்விடும்.

கடைசியில் முகவரிப் பட்டை, அதாவது உலாவியின் மேலே தள முகவரி இருக்கும் நீளப் பெட்டி. பழைய முகவரியின் வால்பக்கத்தில் குறியை வைத்து அதன்மேலேயே புதியதை ரைப் பண்ணுவதுதான் இன்று அதிகம் நடந்த பிழை. இரண்டு முகவரியும் ஒட்டிக்கொள்ளும், பக்கம் வராது. கொன்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு எல் விசையைத் தட்டினால் பழைய முகவரி முழுதும் நீலமாகும். அப்படியே ரைப் பண்ணி என்ரர் தட்டினால் போதும், அழிக்கத் தேவையில்லை.

05.01.2025, ஞாயிறு

இன்று முழுக்க முகவரி வாசிப்பு. இந்த வகுப்பில் ஒரே ஒரு பாடம்தான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கடித உறையில் வீட்டு இலக்கம், ஒழுங்கை, ஊர், யாழ்ப்பாணம், இலங்கை என்று எழுதுகிறோம். பெரிய இடம் கடைசியில் வரும். வெப்சைற் முகவரியும் அப்படித்தான். எச்ரிரிபிஎஸ் (https) என்பதற்குப் பிறகு வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கடந்து, அடுத்த ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். 'டொட் எல்கே' என்றால் இலங்கைக்குரிய ஆள்களப் பெயர், 1990 முதல் இருக்கிறது. அதற்கு முன் 'கவ்' (gov) வந்தால் அரச தளம். தமிழிலேயே 'டொட் இலங்கை' என்று முடியும் முகவரிகளும் 2010 முதல் உண்டு. அதைப் பலகையில் எழுதியதும் ஆக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஏமாற்று வேலை நடப்பதும் இங்கேதான். 'கவ் டொட் எல்கே' என்ற சொல் முகவரியின் நடுவில் கிடந்து, சாய்கோட்டுக்கு முன்னால் வேறொரு பெயரும் 'டொட் கொம்' என்பதும் வந்தால் அது அரச தளமே இல்லை. வட்ஸ்அப்பில் வரும் 'பரிசு', 'உதவித்தொகை' இணைப்புகளை இந்த விரல் முறையால் பார்த்தாலே பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

அதற்காக 'கவ்' இல்லாததெல்லாம் பொய் என்றும் எடுக்கக் கூடாது. பரீட்சைத் திணைக்களத்தின் தளம் 'டூநெற்ஸ் டொட் எல்கே' (doenets.lk). பெறுபேறு பார்க்கும் பக்கமோ 'றிசல்ட்ஸ் டொட் எக்ஸாம்ஸ் டொட் கவ் டொட் எல்கே' (results.exams.gov.lk). இரண்டும் உண்மையானவை. அடிக்கடி போகும் அரச தளங்களை ஒருக்கா சரிபார்த்து, கொன்ரோலும் டி யும் தட்டிப் புக்மார்க் ஆக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் தேடத் தேவையில்லை. தேடினால் மேலே முதலில் வருவது பல வேளை விளம்பரம். 'ஸ்பொன்சேர்ட்' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும்.

முகவரிக்கு இடப்பக்கம் தெரியும் பூட்டுப் படத்தைப் பற்றியும் கேட்டார்கள். அது காட்டுவது, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் யாரும் வாசிக்க முடியாது என்பதை மட்டுமே. தளத்தை நடத்துகிறவர் நல்லவரா என்பதை அது காட்டாது. கள்ளனும் பூட்டு வாங்கலாம். மக்கள் இப்படிப் பிழையாக விளங்கிக்கொள்வதால்தான் குரோம் 2023 இல் பூட்டை எடுத்துவிட்டு, இரண்டு சிறு கோடும் வட்டமும் உள்ள படத்தை வைத்தது.

11.01.2025, சனி

ரப் பாடம். உலாவியின் மேல் வரிசையில், திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிற்கும் தலைப்புத்தான் ரப். கொன்ரோலும் ரி யும் புதிய ரப், கொன்ரோலும் டபிள்யூவும் அதை மூடும். தவறி மூடினால் கொன்ரோல், சிப்ற், ரி மூன்றும் சேர்த்துத் தட்ட, போனது திரும்ப வரும். ஆனால் பாதி நிரப்பிய படிவம் என்றால் எழுதியது அப்படியே வரும் என்று நம்பக் கூடாது.

பின்செல்லும் அம்பு மங்கிக் கிடந்தால் பயப்பட வேண்டாம். இணைப்பு புதிய ரப்பில் திறந்திருக்கிறது, பழைய பக்கம் பக்கத்து ரப்பில் இருக்கிறது. "ஐயா, ஒருக்கா மேலே பாருங்கோ, எங்கே நிக்கிறியள்?" என்ற கேள்வியை இன்று எத்தனை தரம் கேட்டோமோ! நாலைந்து தரத்துக்குப் பிறகு தாங்களாகவே மேலே பார்க்கத் தொடங்கினார்கள்.

எழுத்துச் சிறிதாக இருக்கிறது என்றவர்களுக்குக் கொன்ரோலும் கூட்டல் குறியும். வயதானவர்களுக்கு 125 அல்லது 150 சதவீதம் வசதி. பழைய அளவுக்குத் திரும்பக் கொன்ரோலும் பூச்சியமும்.

12.01.2025, ஞாயிறு

மூன்றாம் கணினியில் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. வைரஸ் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். பார்க்க வேண்டிய இடம் திரையின் வலப்பக்கக் கீழ் மூலை: திகதி 2015 என்று காட்டியது.

ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். கணினி தான் 2015 இல் நிற்பதாக நினைத்தால், இந்த வருடச் சான்றிதழ் அதற்கு இன்னும் தொடங்காத ஒன்று. உடனே உலாவி மறித்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி வைத்தாலும் நேரத்தைக் காப்பது மதர்போர்ட்டில், அதாவது கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையில், இருக்கும் காசளவு பற்றரி, சிஆர் 2032, 3 வோல்ற். அது செத்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் திகதி பின்னுக்குப் போகும். திகதியை மட்டும் திருத்தினால் அடுத்த மின்வெட்டு வரைதான். பற்றரியை மாற்ற வேண்டும். மாற்றும்போது மின் இணைப்பை முழுதாகக் கழற்றி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள்.

நேர வலயம் தெரிவு செய்யும்போது விண்டோஸ் பட்டியலில் கொழும்பைத் தேடாதீர்கள். 'சிறீ ஜயவர்த்தனபுர' என்ற பெயரில், கூட்டல் 5:30 என்று இருக்கும்.

திகதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை ஒரு தளத்தில் மட்டும் வந்தால், 'அட்வான்ஸ்ட்' என்பதைத் தட்டி உள்ளே போகவே கூடாது. வங்கித் தளமென்றால் கட்டாயம் கூடாது.

மற்றப் பிழைச் செய்திகளையும் பார்த்தோம். 404 என்றால் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை. 503 என்றால் அவர்களுடைய சேர்வர், அதாவது தளத்தின் பக்கங்களை அனுப்பும் கணினி, தற்போதைக்குத் தாங்கவில்லை. பெறுபேறு வெளியாகும் நாளில் இது வரலாம். எப் 5 ஐ விடாமல் தட்டுவது நெரிசலைக் கூட்டும், பெறுபேற்றைக் கொண்டுவராது. 10 நிமிடம் விட்டுத் திரும்பிப் போவது நல்லது. 'தளத்தை அடைய முடியவில்லை' என்றால் முதலில் எழுத்துப்பிழை பாருங்கள், பிறகு நன்கு தெரிந்த வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வராவிட்டால் இணைப்பில்தான் பிழை.

14.01.2025, செவ்வாய்

பொங்கல், வகுப்பில்லை. விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியை மட்டும் பார்த்தோம். அதில் குரோம் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதற்கு மேல் அப்டேற் கிடையாது. வங்கி, மின்னஞ்சல் வேலைகளுக்கு இதைப் பாவிக்க வேண்டாம் என்று தமிழில் எழுதி ஒட்டியாயிற்று. நீல 'ஈ' படத்துப் பழைய இன்ரநெற் எக்ஸ்புளோரரைத் திரையிலிருந்து எடுத்துவிட்டோம். அதற்கான ஆதரவை மைக்ரோசொவ்ற் 2022 ஜூன் 15 இல் நிறுத்திவிட்டது.

18.01.2025, சனி

டவுன்லோட் பழக நூலகம் டொட் ஓஆர்ஜி தளம். 2005 இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் பிடிஎப்பாக இருக்கின்றன. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, தேடுகிறவர் ஆசையோடு தேடுகிறார். ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் கோப்பு எத்தனை எம்பி என்று போட்டிருக்கும். தட்ட முன் அதைப் பாருங்கள். ரப்பில் திறந்து வாசித்தாலும் டேட்டா போகும்.

கோப்பு வருவதைக் கவனிக்காமல் நாலு தரம் தட்டி, அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 போட்ட பிரதிகளைச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். கொன்ரோலும் ஜே யும் தட்டினால் டவுன்லோட் பட்டியல் வரும். கோப்பின் பெயர் 'சிஆர்டவுன்லோட்' (crdownload) என்று முடிந்தால் அது இன்னும் முடியாத கோப்பு, திறக்காது. இணைப்பு அறுந்திருந்தால் பட்டியலில் 'றெசியூம்' தட்டிப் பாருங்கள்.

தேடும்போது சில பழைய தளங்களில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை வந்தது. நடுநடுவே அரைப்புள்ளிகள் நிறைந்து கிடந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எழுதியது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி. கணினி கெட்டுப்போகவில்லை. அந்தப் பந்தியைப் பிரதியெடுத்து ஒரு யுனிகோட் (இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றியில் ஒட்டினால் தமிழ் வரும். யுனிகோட்டில் நாங்கள் தேடும் சொல் பாமினிப் பக்கத்தில் அகப்படாததற்கும் இதுவே காரணம். எங்கள் ஊர் எழுத்து எவ்வளவோ இப்படி மறைந்து கிடக்கிறது, கவலைதான்.

19.01.2025, ஞாயிறு

பொதுக் கணினி என்பதால் இன்றைய பாடம் எழும்பிப் போகும் முறை. 'பாஸ்வேட்டைச் சேமிக்கவா' என்று உலாவி கேட்டால் இங்கே வேண்டாம் என்றே தட்டுங்கள். ஜிமெயிலுக்குள் போகும்போது குரோமிலும் சைன் இன் செய்யவா என்று கேட்டால் அதற்கும் வேண்டாம். மறைநிலைச் சாளரத்துக்குக் குரோமிலும் எட்ஜிலும் கொன்ரோல், சிப்ற், என். பயர்பொக்ஸில் கடைசி விசை மட்டும் பி. போன இடங்களின் பட்டியல் அதில் மிஞ்சாது, ஆனால் மறைநிலைச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் உங்கள் கணக்குத் திறந்தபடிதான் இருக்கும்.

மறைநிலையில் டவுன்லோட் செய்த கோப்பும் கணினியிலேயே கிடக்கும். இன்று அந்தக் கோப்புறையைத் திறந்தபோது அடையாள அட்டைப் படங்கள், பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள். யார் கையிலும் அகப்பட்டிருக்கலாம். எல்லாவற்றையும் அழித்தோம். அழித்தால் குப்பைத்தொட்டிக்குள் போகும், அங்கிருந்து யாரும் எடுக்கலாம். சிப்ற் விசையைப் பிடித்துக்கொண்டு டிலீற் தட்டினால் தொட்டிக்குள் போகாமலே அழியும்.

இரண்டாம் கணினியின் மூலையில் ஓயாமல் விளம்பரம் குதித்தது. ஏதோ ஒரு தளம் அறிவித்தல் அனுப்பவா என்று கேட்டபோது யாரோ 'அலோ' தட்டியிருக்கிறார்கள். குரோமில் மேல் வலப்பக்க மூன்று புள்ளி, செற்றிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிற்றி, சைற் செற்றிங்ஸ், நோற்றிபிகேசன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர் பதினொன்று. ஒவ்வொன்றாக நீக்கியதும் நின்றது. அடுத்த சனிக்கு முன் மற்ற நாலு கணினியிலும் இதே பட்டியலைப் பார்க்க வேண்டும். மூன்றாம் கணினிக்குப் பற்றரியும் வாங்க வேண்டும்.