பைத்தானுக்குள் லூவா: பிரின்ட் படுத்திய பாடு

முகவரிப் பட்டியல்களைச் சீர்செய்ய பைத்தானில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறேன். அடிக்கடி மாறும் விதிகளை மட்டும் லூவா என்ற சின்ன நிரல்மொழியில் எழுதி, லூபா என்ற பைத்தான் நூலகம் வழியாக உள்ளேயே ஓட்டுகிறேன். டெர்மினலில் ஒரு குறையும் இல்லை. குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் போட்டு, லாகைக் கோப்புக்குத் திருப்பியதும்தான் வம்பு: பைத்தான் வரிகள் எல்லாம் முதலில், லூவா வரிகள் மொத்தமாகக் கடைசியில். எந்த முகவரியில் எந்த விதி இடறியது என்று பார்க்கவே வழியில்லை.

இரண்டுக்கும் தனித்தனி பஃபர், அதாவது எழுதுவதைச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம், என்பதுதான் காரணம். அப்போது ஓடியது லூவாவின் வேகமான வடிவமான லூவாஜிட். அதன் பிரின்ட், சி மொழியின் வழக்கமான வெளியீட்டு வழியான எஸ்டிடிஅவுட்டில் எழுதுகிறது (லூவா 5.2 முதல் பிரின்ட் வரிக்கு வரி தானே வெளியே தள்ளிவிடும், லூவாஜிட் அப்படிச் செய்யாது). பைத்தான் 3 அந்தப் பக்கமே போகாமல் தன் சொந்த பஃபரில் சேர்க்கிறது. டெர்மினல் என்றால் இரண்டும் வரிக்கு வரி வெளியே தள்ளிவிடும். கோப்பு என்றால் நிரம்பும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். நிரல் முடியும்போது பைத்தான் முதலில் கொட்டும், சி அப்புறம்.

இரு பக்கமும் பஃபரை உடனே காலிசெய்யும் ஃபிளஷ் போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் புதிதாக விதி எழுதுகிறவர் ஒருநாள் மறப்பார். அதனால் லூவாவின் பிரின்ட்டையே தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பைத்தான் ஃபங்ஷனை வைத்தேன். வரிசை சரியானது. ஆனால் மதிப்பு இல்லை என்பதற்கு லூவாவின் நில் வரவேண்டிய இடத்தில் பைத்தானின் நன் வந்தது, ட்ரூவின் முதல் எழுத்து பெரிதானது. மதிப்புகள் எல்லை தாண்டும்போதே பைத்தான் மதிப்புகளாகிவிடுகின்றன. ஆகவே லூவா பக்கமே டுஸ்ட்ரிங்கால் எழுத்துச் சரமாக்கி, டேப் வைத்து ஒட்டி, ஒரே சரமாக அனுப்பினேன்.

அடுத்தது யுனிகோட் டிகோட் எரர்: ஒன்பதாம் இடத்து பைட்டைப் படிக்க முடியவில்லை (பைத்தான் 0இலிருந்து எண்ணும்), தரவு பாதியில் முடிகிறது என்றது. ஊர்ப்பெயரைப் பத்து இடத்துக்குள் வெட்டும் ஒரு விதி இருந்தது. சரத்தை வெட்டும் லூவாவின் ஸ்ட்ரிங்.சப் எண்ணுவது பைட்டுகளை. தமிழில் எழுத்தும் அதன் மேல் வரும் குறியும் தனித்தனிக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8ல் 3 பைட். 'திருநெல்வேலி'யில் பத்து பைட் எடுத்தால் 'திர' வரும், கூடவே உகரக் குறியின் மூன்றில் ஒரு பங்கு தொங்கும். லூவா அதைக் கண்டுகொள்ளாது. லூபா பைத்தானிடம் கொடுக்கும்போது யுடிஎஃப்-8 ஆகப் படிக்கப் பார்த்து விழுகிறது. பழைய பிரின்ட் பைட்டுகளை அப்படியே கொட்டியதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

லூவா 5.3 முதல் யுடிஎஃப்8 நூலகம் கூடவே வருகிறது. அதன் ஆஃப்செட் ஃபங்ஷனிடம் பதினோராம் குறியீடு தொடங்கும் இடத்தைக் கேட்டு, அதற்கு முந்தைய பைட்டோடு நிறுத்தினால் 'திருநெல்வே' முழுசாக வருகிறது. ஒன்பதில் வெட்டினால் ஏகாரக் குறி போய் 'திருநெல்வ' ஆகிவிடும். எரர் வராது, பார்க்கத்தான் சகிக்காது. லூவாஜிட்டில் இந்த நூலகம் இல்லை என்பதால், லூபா 2ல் லூவா 5.4ஐப் பெயர் சொல்லியே இறக்குமதி செய்கிறேன்.

பிரின்ட்டை மாற்றினாலும், லூவாவின் இன்னொரு எழுதும் ஃபங்ஷனான ஐஓ.ரைட் பழைய வழியில்தான் எழுதும். அதையும் சேர்த்து மாற்றுங்கள்.