கியர்பாக்ஸ் ஆயில்: எந்த போல்ட்டை முதலில் திறப்பது?

எஞ்சின் ஆயிலை ஆண்டு தவறாமல் மாற்றிவந்த நான், எங்கள் காரின் கியர்பாக்ஸுக்குள்ளும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் எண்ணெய் இருக்கிறது என்பதை ஒன்பது ஆண்டுகளாக நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. குறைந்தால் எரிந்து எச்சரிக்க விளக்கும் இல்லை, உருவிப் பார்க்க அளவுக் கம்பியும் இல்லை. கோவையின் மார்கழிக் குளிரில், வீட்டிலிருந்து கிளம்பிய முதல் அரைக் கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் விழாமல் முரண்டு பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் காரோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன்.

அதில் எண்ணெயின் பாகுத்தன்மை 75டபிள்யூ-80, வகை ஜிஎல்-4 என்று தெளிவாக இருந்தது. கடைக்காரரோ, "ஜிஎல்-5 இருக்கு சார், நாலைவிட அஞ்சு உசத்திதானே?" என்று வேறொரு டப்பாவை எடுத்து வைத்தார். இந்த எண்கள் தர வரிசை அல்ல. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பெரும் அழுத்தத்தோடு வழுக்கி ஓடும் லாரி, ஜீப் போன்றவற்றின் பின் அச்சுக்காக உருவானது ஜிஎல்-5. அதற்கேற்பக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்கள் அதில் கூடுதலாக இருக்கும். எங்கள் காரின் கியர்பாக்ஸிலோ, கியர் மாற்றும்போது சிங்க்ரோ எனப்படும் பித்தளை வளையம் கியரின் கூம்புப் பகுதியில் உரசிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிய பிறகே பற்கள் சேர்கின்றன. உரசல் வேண்டிய இடத்தில் வழுக்கல் மிகுந்தால் அந்த வளையம் வேலை செய்யாது என்பதோடு, சில ஜிஎல்-5 எண்ணெய்களில் உள்ள கந்தகம் பித்தளையை அரிக்கவும் கூடும். இன்னொரு கடைக்கு நடந்து, கேட்டதையே வாங்கினேன்.

கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, நண்பரின் பட்டறையில் உள்ள பள்ளத்தின்மேல் காரை நிறுத்தினேன். வீட்டு வாசலில் முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கார் சமமாக நின்றால்தான் எண்ணெயின் மட்டம் சரியாகத் தெரியும், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பதும் மடத்தனம்.

கியர்பாக்ஸில் இரண்டு போல்ட்டுகள் உண்டு: அடியில் இருப்பது வடிப்பதற்கு, பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது நிரப்புவதற்கு. முதலில் திறக்க வேண்டியது மேலே இருப்பதைத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் அவசரத்தில் கீழ் போல்ட்டைத் திறந்து எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து இறுகிப்போய் அசையாததோடு அதன் தலையும் மழுங்கிவிட, ஓட்டவும் முடியாமல் நிரப்பவும் முடியாமல் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

வடிந்த எண்ணெய் கருத்து, கந்தக வாடையோடு இருந்தது. கீழ் போல்ட்டின் முனையில் இருந்த காந்தத்தில், மையைக் குழைத்து அப்பியதுபோல் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறக்காத அந்தப் பொடி இயல்பான தேய்மானம்தான். நகத்துண்டு போலச் சில்லுகள் கிடைத்திருந்தால் பல் உடைந்திருக்கிறதோ என்று கவலைப்பட்டிருப்பேன். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். கியர்பாக்ஸ் மூச்சுவிட மேலே ஒரு சிறு வழி உண்டு. சூடாக ஓடிவந்த வண்டி வெள்ளத்தில் திடீரெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்த வழியாகவோ, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள் வழியாகவோ நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் நின்ற கார்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் இதையும் பார்ப்பது நல்லது.

கீழ் போல்ட்டைப் புது வாஷர் போட்டு மூடினேன். கியர்பாக்ஸின் கூடு அலுமினியம் என்பதால், அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும். மேல் துளைக்கு நேராக டப்பாவைச் சாய்க்க இடமில்லாததால், பானெட்டைத் திறந்து மேலிருந்து நீண்ட குழாயை இறக்கி, புனல் வைத்துப் பொறுமையாக ஊற்றினேன். துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு எண்ணெய் நூலாக வழியத் தொடங்கியதும் நிறுத்தினேன். அந்த விளிம்புதான் அளவுக் கம்பி. அதற்குமேல் திணித்தால் நுரைத்து சீல் வழியே கசியும். குறைந்தாலோ, பல கார்களில் கோடியில் ஒதுங்கியிருக்கும் ஐந்தாவது கியர்தான் முதலில் எண்ணெயின்றிக் காயும்.

இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின் இரவில் காருக்கடியில் அட்டை விரித்துப் பார்த்தேன்; ஒரு சொட்டும் இல்லை. இரண்டாவது கியர் இப்போது எளிதாக விழுகிறது, குளிர்ந்த காலையில் முதல் இரண்டு தடவை மட்டும் இன்னும் தயங்குகிறது. வளையம் ஓரளவு தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். வடித்த பழைய எண்ணெயைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூச எதிர்வீட்டில் வேலை செய்யும் மேஸ்திரி கேட்டார். மண்ணில் வழியும் என்று சொல்லி, பட்டறையின் கழிவு எண்ணெய் டிரம்மிலேயே ஊற்றிவிட்டு வந்தேன்.