சினிமா இல்லாமல் ஒரு ஆல்பம்: ஏற்றியதும் விற்றதும்

எங்கள் ஆறு பாட்டு ஆல்பம் வெளியானதிலிருந்து இன்பாக்ஸில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான்: "அண்ணா, ஸ்பாட்டிஃபைல எப்படிப் போடுறது, காசு வருமா?" போடுவது சுலபம். காசும் வந்தது, ஆனால் எல்லோரும் எதிர்பார்க்கும் பக்கத்திலிருந்து வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஏற்றுவதற்கு முன்னால் செய்த வேலை. மிக்ஸிங் முடியும் முன்பே நானும், பாட்டு எழுதிய நண்பரும், பாடகியும், பம்பையும் தவிலும் வாசித்த இருவரும் உட்கார்ந்து, எந்தப் பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தவில் வாசித்த அண்ணன், "எனக்கு எதுக்குத் தம்பி பங்கு, சம்பளம் குடுத்தாப் போதும்" என்றார். சம்பளமும் கொடுத்தோம், பங்கும் எழுதினோம். அவர் வாசித்த முகப்பு இல்லையென்றால் அந்த இரண்டாவது பாட்டே இல்லை, அதற்கு ஒருநாள் கூலி மட்டும் போதும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய ராயல்டி பங்கை எந்த கம்பெனியும் ஒப்பந்தம் போட்டு எழுதி வாங்கிவிட முடியாது. ஆனால் அந்தப் பணம் தானாக வீடு தேடியும் வராது. வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும். பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோகஸ்தர் வசூலித்துத் தருவது ஒலிப்பதிவுக்கான காசு, வரிக்கும் மெட்டுக்கும் உள்ள காசு தனி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிற நல்ல பாடலாசிரியர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், அதுதான் வருத்தமாக இருக்கிறது.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் இரண்டிலும் நாமே நேராகப் பாட்டை ஏற்ற முடியாது, நடுவில் விநியோகஸ்தர் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது. சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருதடவை கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். சந்தா என்றால், கட்டுவதை நிறுத்தினால் பாட்டு என்னவாகும் என்பதை முதலிலேயே படித்துவிடுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் இருக்கட்டும், அதில் இணைய முகவரியோ இன்ஸ்டா ஐடியோ போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அந்த ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் கிடைக்கும், அதைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள். பிற்பாடு விநியோகஸ்தரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் இதுவரை கேட்ட கணக்கு பாட்டோடு கூடவே வரும். டிக்டாக்கில் பாட்டு எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். 2020இல் இங்கே தடை வந்ததால் நம் ஆட்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மலேசியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள், சும்மா விடாதீர்கள். நாங்கள் பம்பை நுழைகிற இடத்தைக் கொடுத்தோம்.

இவ்வளவு செய்தும் வெளியான அன்று காலையில் முதல் பாட்டு எங்கள் பாடகியின் பக்கத்தில் இல்லை. அதே பெயருள்ள, வேறு மொழியில் பாடுகிற இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. எங்கள் விநியோகஸ்தருக்கு எழுதினால் தானியங்கிப் பதில்தான் வந்துகொண்டிருந்தது, பாடகி தன் அம்மாவுக்குப் பாட்டை அனுப்பவே தயங்கினார், ஏனென்றால் திறந்தால் வேறு யாரோ ஒருவர் முகம் தெரிகிறது. ஒருவழியாக மாறியது, ஆனால் முதல் வாரம் போனது போனதுதான். பெயர் பொதுவான பெயராக இருந்தால் இனிஷியலையோ ஊரையோ சேர்த்து, முதல் பாட்டிலிருந்தே அதையே வைத்துக்கொள்வது நல்லது.

கலைஞர்கள் தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஸ்பாட்டிஃபை தரும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் வழியாக, வெளியாகாத ஒரு பாட்டைப் பிளேலிஸ்ட் குழுவின் பார்வைக்கு அனுப்பலாம். குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால் நம்மைப் பின்தொடர்பவர்களுக்கு வரும் புதுப்பாட்டுப் பட்டியலான ரிலீஸ் ரேடாரில் அந்தப் பாட்டே வரும். எந்த வாத்தியம், எந்த ஊர், என்ன சேதி என்று நேராக எழுதினோம். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. இது தெரிந்தவுடன்தான் பிளேலிஸ்ட் விற்பவர்கள் வந்து நிற்பார்கள், இவ்வளவு ரூபாய்க்கு இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் என்று. பத்து பைசா கொடுக்காதீர்கள். போலிக் கேட்பு என்று கண்டுபிடித்தால் விநியோகஸ்தருக்கு அபராதம் போடுகிறார்கள், பாட்டையும் தூக்கிவிடுவார்கள்.

சரி, காசு எங்கிருந்து வந்தது? கேட்பவர்கள் கலைஞரிடமே நேராகப் பாட்டை விலைக்கு வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்திலிருந்து. டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். 2020இல் ஆரம்பித்த பேண்ட்கேம்ப் வெள்ளி என்ற நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள், எங்கள் ஆல்பத்தை அப்படி ஒரு வெள்ளியில்தான் விட்டோம். குறைந்தபட்ச விலை ஒன்று வைத்து, அதற்கு மேல் விருப்பம்போல் கொடுக்கலாம் என்று விட்டோம், டொராண்டோவிலும் ஓஸ்லோவிலும் இருந்து வாங்கியவர்கள் பாதிப்பேருக்கு மேல் கூடுதலாகவே கொடுத்தார்கள். ஒருவர், "எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் கேட்ட அடி, தவில்காரர் யார்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அதை அண்ணனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

பணம் பேபால் வழியாக வரும், பான் எண் கொடுத்துக் கணக்கைத் தயார் செய்து வைக்க வேண்டும். சிக்கல் உள்ளூர்க்காரர்களுக்குத்தான். 2021 ஏப்ரலில் பேபால் இந்தியாவுக்குள்ளேயான பரிவர்த்தனையை நிறுத்திவிட்டதால், மதுரையில் இருக்கிறவர் அந்த வழியில் எனக்கு அனுப்ப முடியாது. அதனால் யூபிஐ ஐடியைப் போட்டோம். பணம் அனுப்பியவருக்கு ஆறு பாட்டின் வேவ் கோப்புகள், பாடல் வரிகள் அடங்கிய பிடிஎஃப், ஒரு நன்றி, எல்லாம் அன்றைக்கே கையாலேயே அனுப்பினேன். வேலை அதிகம்தான். ஆனால் யார் வாங்கினார்கள் என்று பெயர் தெரிகிறது, அடுத்த பாட்டு வரும்போது முதலில் அவர்களுக்குத்தான் செய்தி போகும்.