கதவைத் திறப்பதற்கு முன்

“குறையெல்லாம் ஒண்ணுமில்லம்மா.” அன்று ஒரு நோயாளியின் மாமியாரிடம் நான் சொன்னது அவ்வளவுதான். தாராவி 90 அடி ரோட்டில் இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்தும், இந்த ஒரு வரி என்னை விட்டுப் போகவில்லை.

உள்ளே மருமகள் சொன்னது வேறு. கல்யாணமாகி எட்டு மாசம். “அவர் கிட்ட வந்தாலே உடம்பு பூட்டிக்குது டாக்டர். உயிர் போற வலி.” பரிசோதிக்கப் படுக்கச் சொன்னேன். ரெக்ஸின் மெத்தையின் ஓரத்தை இறுகப் பிடித்தாள். என் கை படுவதற்கு முன்பே முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன, கால்விரல்கள் மடங்கின. கையை எடுத்துவிட்டேன். அதையாவது சரியாகச் செய்தேன்.

உறவின்போது வரும் இந்த வலிக்குக் காரணம் பல. தொற்று, பிரசவத் தையல், பால் கொடுக்கும்போதும் மாதவிடாய் நின்ற பிறகும் வரும் வறட்சி, ஆழத்தில் வலித்தால், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம். வறட்சி என்றால் ஜெல், ஈஸ்ட்ரோஜன் கிரீம் என்று கொடுத்துப் பார்க்கலாம். இவளுக்கு இருந்தது வெஜைனிஸ்மஸ். இடுப்படித் தசைகள் அவள் பேச்சைக் கேட்காமல் தானாக இறுகுவது. மூச்சோடு சேர்த்துத் தளர்த்தப் பழக வேண்டும். பிறகு தன் விரல், பிறகு சின்னதில் தொடங்கி டைலேட்டர், அதாவது உள்ளே வைத்துப் பழகும் வழவழப்பான குழல். மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குப் பொறுமையான புருஷனும் தாழ்ப்பாள் போட ஓர் அறையும் வேண்டும். ஐந்து பேர் ஒரே அறையில் படுக்கும் வீடு அது. அவள் எங்கே போய்ப் பழகுவாள் என்று நான் கேட்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தனியாக வந்தாள். “ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்களாம். நான் நடிக்கிறேன்னு அத்தை சொல்றாங்க.”

நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘இருக்கிறது’ என்று வாய் தவறியிருந்தால், குறையுள்ள பெண் என்று திருநெல்வேலிக்கு ரயிலேற்றியிருப்பார்கள். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ஆனால் அவள் வலியைப் பொய்யாக்கியதும் அதே வரிதான். “அத்தை கேட்டா என்னம்மா சொல்லட்டும்?” என்று கதவைத் திறப்பதற்கு முன் அவளையே கேட்டிருக்கலாம். அரை நிமிஷம். வெளியே கூட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். அன்று மட்டுமா கூட்டம்?

இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். “எதுவும் சொல்லாதீங்க” என்கிறார்கள் பலர். சொல்லாவிட்டால் மட்டும் என்ன, வெளியே நிற்பவர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

அவளுக்குக் கொடுத்த டைலேட்டரைச் செய்தித்தாளில் சுற்றி, காய்கறிப் பையின் அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் போட்டு எடுத்துப் போனாள். பிறகு வரவில்லை.

போன மாதம் அந்த மாமியார் தன் மகளைப் பிரசவத்துக்குப் பதிய அழைத்து வந்தார். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.