வார இறுதிப் புதிர்: விடையோடு நிறுத்தாமல் விளக்கமும் எழுதிப் பார்த்தேன்

கிரிப்டிக் வகைக் குறுக்கெழுத்தில் குறிப்பின் ஒரு பகுதி விடையின் நேர்ப்பொருளைச் சொல்லும், மீதி அதே விடைக்குச் சொல் விளையாட்டால் வழி காட்டும். அதைப் போடுகிறவர்களுக்கு இந்த நிலை பழக்கம்தான். கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிடும், விடைகளும் சரியாகவே இருக்கும். ஆனால் அவற்றில் சில ஏன் வந்தன என்று யாராவது கேட்டால் சொல்ல வராது. எழுத்துகள் பொருந்தின, அர்த்தமும் ஏறக்குறையப் பொருந்தியது, எழுதியாயிற்று. சின்னப் புதிருக்கு அது போதும். வார இறுதியில் வரும் பெரிய, கடினமான புதிருக்கு அது போதாது என்று பட்டதால், ஒவ்வொரு குறிப்புக்கும் விளக்கத்தை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதில் பிடிபட்டவற்றைச் சொல்கிறேன். வெளியான புதிர்களின் விடைகளை உடைக்க மனம் வரவில்லை. அதனால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் நானே செய்தவை.

விளக்கத்துக்கு ஒரே விதி வைத்துக்கொண்டேன். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன வேலை என்று எழுத வேண்டும். ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால், விடை சரியாக இருந்தாலும் விளக்கம் முடியவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவர் 1949-இல் இந்தக் கலைக்கு ஒரு நியதி சொன்னார். மேலோட்டமாக எந்த அர்த்தம் தொனித்தாலும் பரவாயில்லை, உள்ளே நினைத்ததைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது அதன் சாரம். அமைப்பவருக்கு அவர் போட்ட வேலி அது. தீர்ப்பவருக்கும் அதையே கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம் என்பது விளக்கம் எழுதும்போதுதான் உறைத்தது.

எளியதிலிருந்து தொடங்குகிறேன். "ஆழமாக விதைத்ததற்குள் பாட்டு (3)". அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. ஆழமாக என்பதன் கடைசி எழுத்தையும் அடுத்த சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்தால் கவிதை. 'உள்' என்பது ஒளிந்திருக்கிறது என்ற சுட்டு, 'பாட்டு' நேர்ப்பொருள். இந்த வகைக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.

அடுத்ததில்தான் விஷயம் இருக்கிறது. "மண்ணுக்குள் வர இப்போதுள்ள சூழல் (5)". இப்படி ஒரு குறிப்பைப் படித்தவுடன் மனம் ஒரு காட்சியைக் கட்டிக்கொள்கிறது: மண், அதற்குள் எதுவோ வருகிறது, அதற்கேற்ற சூழல். கடினமான புதிர்களின் பலமே இந்தக் காட்சிதான். அதை உடைக்க நான் செய்வது, சொற்களைத் தனித்தனியாகக் கீழே எழுதி ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேலையைக் குறிப்பது. மண் என்றால் நிலம். 'உள்' என்றால் அடைப்பு, அதாவது ஒரு சொல்லுக்குள் இன்னொன்றை வைப்பது. சரி, உள்ளே போவது எது? மிச்சம் இருப்பது 'வர'. வினைச்சொல் போல ஓரமாக நிற்கும் அதுவேதான் உள்ளே போவது. நில-வர-ம். இப்போதுள்ள சூழல், நிலவரம்.

சாதுவாக நிற்கும் இப்படிப்பட்ட சொற்களின் மேல் எனக்கு இப்போது தனி மரியாதை. வர, பட, விட, ஆக, இன்றி போன்றவை வாக்கியத்தை ஒட்டவைக்கும் பசை என்று நினைத்துக் கண் தாண்டிப் போய்விடுகிறது. குறிப்பு நகராமல் நின்றால் முதலில் அவற்றைத்தான் தட்டிப் பார்க்கிறேன்.

அதே குறிப்பில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'வர' என்பதற்குப் பின்னால் 'தற்போதைய' என்று போட்டிருந்தால், எழுத்து இலக்கணப்படி 'வரத் தற்போதைய' என்றாகியிருக்கும். ஒரு த் கூடுதலாக ஒட்டிக்கொண்டு, உள்ளே வைக்க வேண்டிய 'வர'வைக் கெடுத்துவிடும். அதனால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. தமிழில் நேர்மையாகக் குறிப்பு எழுதுகிறவர் இந்த ஒற்றோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறார். தீர்ப்பவருக்கு அதுவே தடயம். இயல்பாக வேறு சொல் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் சுற்றிவளைத்த சொல் நின்றால், அதற்கு முந்தைய சொல் எழுத்து மாறாமல் காப்பாற்றப்படுகிறதோ என்று பார்ப்பேன். பல முறை கதவு அங்கேதான் திறந்திருக்கிறது.

அப்புறம் எழுத்து மாற்றம், அதாவது ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து வேறு சொல்லாக அடுக்குவது. "தலை போன பச்சைக்கல் உருக்குலைந்தால் டப்பா செய்யலாம் (4)". பச்சைக்கல் மரகதம். தலை போனால் ரகதம். உருக்குலைந்தால் தகரம். ஆங்கிலப் புதிர்களின் மரபில் இதை ஏற்க மாட்டார்கள். கலைக்க வேண்டிய எழுத்துகள் குறிப்பில் நேராக இருக்க வேண்டும், அவற்றுக்கு நிகரான சொல்லைத் தந்துவிட்டு அதைக் கலைக்கச் சொல்லக் கூடாது என்பது அங்கே கறாரான வழக்கம். தமிழில் இதை அனுமதிக்கலாம் என்பது என் கருத்து. காரணம் கணக்கில் இருக்கிறது. நான்கு எழுத்தை 24 விதமாகத்தான் அடுக்க முடியும். அதிலும் ம் சொல்லின் முதலில் வராது. இங்கே மெய்யெழுத்து அது ஒன்றுதான் என்பதால் கடைசியில் போடத் தோன்றும். ரகரத்தில் தொடங்குவது பெரும்பாலும் கடன் சொற்களே. ஆக, முதலில் சோதிக்க வேண்டியவை கரதம், கதரம், தரகம், தகரம் ஆகிய நான்குதான். இவ்வளவு குறுகிய வட்டத்தில் ஒரு படி கூடுதலாக மறைப்பது அநியாயம் ஆகாது. ஆறேழு எழுத்துச் சொல்லுக்கு இதைச் செய்தால் நானும் ஏற்க மாட்டேன்.

தலையை வெட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரக்கவிகளில், அதாவது எழுத்து விளையாட்டுப் பாடல்களில், அக்கரச்சுதகம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போக, மிஞ்சுவது ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தரும். ஒரு விதத்தில் இந்தக் கட்டங்கள் வருவதற்கு முன்பே அந்தப் பயிற்சி நம்மிடம் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் உற்சாகமாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் சாதாரணமாக வரும் 'திருப்பிப் படி' வகை தமிழில் அபூர்வம். நம் சொற்களில் கணிசமானவை மெய்யில் முடிகின்றன. திருப்பினால் மெய் முதலில் வந்து நிற்கும், சொல் உருவாகாது. அதனால் குறிப்பில் 'திரும்பி' என்று கண்டால் முழுச் சொல்லைத் திருப்ப முயல்வதில்லை, உள்ளே இரண்டெழுத்துத் துண்டு எதுவும் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வகைக்கு வருகிறேன். ஓரெழுத்து ஒருமொழி, அதாவது ஒரே எழுத்து தனிச் சொல்லாக நிற்பது. நன்னூல் இப்படி 42 சொற்களைச் சொல்கிறது. ஆ என்றால் பசு, கா என்றால் சோலை, கோ என்றால் அரசன், நா என்றால் நாக்கு. மா மட்டும் மாமரம், விலங்கு, குதிரை, பெரிய என்று பல வேடம் போடும். வார இறுதிப் புதிர்கள் இந்தச் சுரங்கத்தில்தான் அதிகம் தோண்டுகின்றன. "குதிரைக்குக் கொள்ளு தரும் ஆட்சிப் பகுதி (4)" என்று வைத்துக்கொள்வோம். குதிரை என்றதும் பரி, புரவி, இவுளி என்று ஓடும். பரியை வைத்தால் மீதி இரண்டு எழுத்தில் கொள்ளு வேண்டும், ஒன்றும் அமையாது. புரவி, இவுளி மூன்றெழுத்து, அவையும் நிற்காது. அப்போதுதான் ஓரெழுத்துப் பட்டியல் கைகொடுக்கிறது: மா. கொள்ளுக்குக் காணம் என்றும் பெயர். மா, காணம், மாகாணம். 'தரும்' என்பது இரண்டும் சேர்ந்து விடையைத் தருகின்றன என்ற இணைப்பு. குதிரை கொள்ளு தின்னும் காட்சி எவ்வளவு இயல்பாக இருக்கிறது, அதற்குள் இலக்கணமும் அகராதியும் எவ்வளவு சுத்தமாகப் பொருந்தியிருக்கின்றன!

இங்கே குறுக்கே வந்த விடை ஒன்று, இரண்டாம் எழுத்து கா என்று தந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். 247 எழுத்து உள்ள மொழியில், தெரிந்த ஓர் எழுத்துக்கு உள்ள எடை 26 எழுத்து மொழியில் கிடைக்காது. அதனால் கடினப் புதிரில் எந்த மூலையில் குறுக்கும் நெடுக்கும் அதிகம் வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே தொடங்குகிறேன். முன்பு வரிசை எண்படி போவேன். இப்போது அதை விட்டுவிட்டேன்.

இன்னும் எனக்கு நேரம் எடுப்பது இரட்டைப் பொருள் வகை. "ஏழு நாள் விளைச்சலில் பங்கு (3)". விடை வாரம். கிழமைகள் ஏழும் சேர்ந்தது வாரம், விளைச்சலில் நிலத்துக்காரருக்குப் போகும் பங்கும் வாரம். வெட்டு, அடைப்பு, கலைப்பு எதற்கும் சுட்டு கிடையாது. எங்கே ஒரு பொருள் முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது மட்டுமே கேள்வி, ஆனால் 'ஏழு நாள் விளைச்சல்' என்று சேர்த்துப் படித்துவிட்ட கண்ணுக்கு அந்த வெட்டுக்கோடு தெரிவதில்லை. இப்போதைக்கு, மூன்று நான்கு சொல்லே உள்ள குறுகிய குறிப்புகளில் எல்லா இடைவெளியிலும் ஒரு கோடு போட்டு இரு பக்கமும் தனியாகப் படிக்கிறேன். இதற்கென்று நோட்டின் பின்பக்கத்தில் இருபொருள் சொற்களையும் சேர்த்து வருகிறேன்: திங்கள், மாலை, வேங்கை, படி, ஆறு. பட்டியல் நீண்டுகொண்டிருக்கிறது.