ஆறு வயதில் அரியணை ஏறிய இரண்டாம் பெப்பி

எகிப்தியப் பாரோக்களுள் துட்டன்காமுனுக்கும் இரண்டாம் ராம்சேசுக்கும் கிடைத்த புகழ், ஆறாம் அரசமரபைச் சேர்ந்த இரண்டாம் பெப்பிக்குக் கிடைக்காததில் எனக்குச் சற்று வருத்தமுண்டு. ஏறத்தாழ 6 வயதில் அவர் அரியணை ஏறியதால், தொடக்கத்தில் அவருடைய தாயே ஆட்சிப் பொறுப்பைக் கவனித்துக்கொண்டார்.

ஆட்சியின் 2ஆம் ஆண்டில், எகிப்துக்குத் தெற்கே இருந்த ‘யாம்’ என்னும் நாட்டுக்குச் சென்றிருந்த ஹர்குஃப் என்ற அதிகாரி, நடனமாடும் குள்ள மனிதர் ஒருவரை அழைத்துவருவதாகத் தெரிவித்தார். அதற்கு வந்த அரச மடலை அவர் அஸ்வானில் உள்ள தம் கல்லறைச் சுவரில் பெருமையோடு பொறித்துவைத்ததால், அது இன்றும் நமக்கு வாசிக்கக் கிடைக்கிறது. அம்மனிதர் தண்ணீரில் விழுந்துவிடாதபடி படகின் இருபுறமும் தகுந்த ஆட்களை நிறுத்த வேண்டும், இரவில் பத்து முறை போய்ப் பார்க்க வேண்டும், சினாய், பூந்து நாடுகளின் செல்வங்களைவிட அவரைக் காணவே மன்னர் விரும்புகிறார் என்கிறது அம்மடல். எழுதியது அரண்மனை எழுத்தராகவே இருக்கலாம். ஆனால் அந்த அவசரம் முழுக்க முழுக்கச் சிறுவனுடையது.

பண்டைய எகிப்திய வரலாற்றாசிரியர் மானெத்தோவின் மரபுப்படி பெப்பி 94 ஆண்டுகள் ஆண்டார். அறுபது சொச்சம்தான் என்பாரும் உண்டு. தெற்குச் சக்காராவில் அவருக்குப் பிரமிடு எழுந்தது. அவருக்குப்பின் விரைவிலேயே, ‘பழைய அரசு’ என வரலாற்றாசிரியர்கள் அழைக்கும் எகிப்தின் பெரும் பிரமிடுகள் எழுந்த காலத்து ஆட்சி சிதைந்ததற்கு அவருடைய முதுமையைக் காரணம் காட்டுவது வழக்கம். மாகாண ஆளுநர்களின் செல்வாக்கு அவருக்கு முன்பே வளரத் தொடங்கிவிட்டதால், முழுப் பழியையும் அவர்மீது சுமத்துவதை நான் ஏற்கவில்லை.